அமெரிக்கா போனதும் முதலில் ஒரு குடும்ப டாக்டரைப் பிடியுங்கள்

"படபடப்பு வந்தால் நேராக ஹார்ட் டாக்டரிடம் போகக் கூடாதா?" என்று டல்லஸுக்குக் குடிபோன தம்பி கேட்டிருந்தார். பெங்களூர்ப் பழக்கம் அப்படி. எனக்கும்தான்.

அல்சூரில் எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரைக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், கிட்னிக்கு ஒருவர். மூவரும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. ஒரே மருந்தை இரண்டு பேர் வேறு வேறு பிராண்டில் எழுத, அப்பா பத்து நாள் இரண்டையும் விழுங்கினார். மருந்துக்கடைப் பையன்தான் கண்டுபிடித்தான். ஃபைல்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு மூன்று இடத்துக்கும் அலைந்தது அக்கா.

அக்கா சும்மா செய்த அந்த வேலைக்கு அமெரிக்காவில் டாக்டருக்குக் காசு உண்டு. முக்கியமாக 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். நாள்பட்ட நோய் குறைந்தது இரண்டு இருந்தால், 2015 முதல் அது இதற்கென்றே டாக்டருக்கு மாதாமாதம் தனித் தொகை தருகிறது. அந்த மாதத்தில் குறைந்தது 20 நிமிடம் டாக்டரின் ஆட்கள் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது, ஸ்பெஷலிஸ்டிடம் பேசுவது என்று செலவழிக்க வேண்டும். (இருபது நிமிடம்! அக்காவுக்கு ஒரு நாளே போதாது.) ஒரு மாதத்துக்கு ஒரு டாக்டர்தான் இதற்கு பில் போடலாம். நோயாளியின் சம்மதமும் வேண்டும், ஏனென்றால் அந்தத் தொகையில் 20 சதவீதம் அவர் பங்கு. தொடங்கியபோது மாதத்துக்கு மொத்தமே சுமார் 42 டாலர்தான். "டாக்டரைப் பார்க்கவே இல்லை, பில் எதற்கு?" என்று பதறி நிறுத்திவிடாதீர்கள்.

விசிட்டர் விசாவில் வரும் அம்மா அப்பாவுக்கு மெடிகேர் கிடையாது. கிரீன் கார்டு வாங்கி வந்தவர்களும் ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்த பிறகே பணம் கட்டிச் சேரலாம்.

சரி, தம்பி விஷயம். கம்பெனி இன்ஷூரன்ஸ் எச்.எம்.ஓ. (குறிப்பிட்ட டாக்டர் வட்டத்துக்குள்ளேயே போகவேண்டிய திட்டம்) என்றால் பெரும்பாலும் குடும்ப டாக்டரின் பரிந்துரைச் சீட்டு இல்லாமல் ஸ்பெஷலிஸ்டிடம் போனால் பில் உங்கள் தலையில். பி.பி.ஓ. (வட்டத்துக்கு வெளியேயும் போக இடம் தரும் திட்டம்) என்றால் நேரே போகலாம். எதுவானாலும் குடும்ப டாக்டரைப் பிடிக்கக் காய்ச்சல் வரும்வரை காத்திருக்காதீர்கள்; புது நோயாளிக்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம்.

முதல் சந்திப்புக்கு மருந்துகளின் வேதிப் பெயர்களை எழுதி எடுத்துப் போங்கள். நம் ஊர் டோலோ அங்கே யாருக்கும் தெரியாது. பாராசிட்டமாலுக்கே அங்கே பெயர் அசிட்டமினோஃபென்.