அப்பா ஹார்வர்டில் படித்திருந்தால் பிள்ளைக்கு முன்னுரிமை: சரியா?

எடிசன்வாசி:
கல்லூரி அட்மிஷனில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கான ‘லெகசி’ சலுகையை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அந்த வழக்கில் வெளிவந்த ஹார்வர்டின் கணக்குப்படி, விண்ணப்பித்தவர்களில் சுமார் 6 சதவீதம் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. லெகசி பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குக் கிடைத்தது. எனக்கு இது மனசை உறுத்துகிறது.

பாஸ்டன் மீனா:
அந்த வித்தியாசம் முழுவதையும் சலுகை என்று சொல்லிவிட முடியாது அண்ணா. அவர்கள் நல்ல பள்ளிகளில் படித்த பிள்ளைகள், சலுகை இல்லாமலும் பலர் வந்திருப்பார்கள். அப்புறம், வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு ஹார்வர்டில் இப்போது படிப்புக் கட்டணமே கிடையாது. பழைய மாணவர்கள் நன்கொடை தராவிட்டால் அது நடக்குமா?

இன்னொன்று. நம் ஆட்கள் இப்போதுதான் அங்கே படித்து வெளியே வந்திருக்கிறோம். நம் பிள்ளைகளின் முறை வரும்போது கதவைச் சாத்துவது எந்த நியாயம்?

எடிசன்வாசி:
முதல் விஷயம் ஓரளவு சரி. ஆனால் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் 2023 ஆய்வு ஒரே மதிப்பெண் எடுத்தவர்களைத்தான் ஒப்பிட்டது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளைவிட, மேல்தட்டு 1 சதவீதத்தினரின் பிள்ளைகள் ஹார்வர்டு போன்ற முன்னணிக் கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதற்கான முக்கியக் காரணங்களில் லெகசியும் ஒன்று.

நன்கொடைக்கு வருகிறேன். எம்ஐடி லெகசி பார்ப்பதில்லை, அங்கே பணத்துக்குப் பஞ்சமில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2014-இல் லெகசியை நிறுத்தியது. 2009-இல் அங்கே புதிதாகச் சேர்ந்தவர்களில் 12.5 சதவீதம் லெகசி, 2019-இல் 3.5 சதவீதம். அதே காலத்தில் ஏழை மாணவர்களுக்கான பெல் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவர்கள் 9-இலிருந்து 19 சதவீதம் ஆனார்கள்.

‘நம் முறை’ என்பதுதான் வலிக்கிறது மீனா. 1920-களில் யூத மாணவர்கள் பெருகுகிறார்கள் என்று பயந்த காலத்தில் வேரூன்றிய வழக்கம் இது. என் அப்பா கல்லூரி வாசலையே மிதிக்காதவர். அவரைப் போன்ற ஒருவரின் பிள்ளையைப் பின்னால் தள்ளி என் மகள் உள்ளே போக வேண்டாம்.

சான்ஹோசே ரவி:
கலிபோர்னியா, மாநில உதவித்தொகை பெறும் தனியார் கல்லூரிகளிலும் இதைத் தடை செய்து சட்டம் போட்டது. ஸ்டான்ஃபோர்டு அந்த உதவித்தொகையை விட்டுவிட்டு, லெகசியை வைத்துக்கொண்டது.

பாஸ்டன் மீனா:
உங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஆனால் லெகசியை மட்டும் எடுத்தால், படகோட்டம், ஸ்குவாஷ் போன்ற விளையாட்டுகளில் ஆடுபவர்களுக்குத் தரும் இடங்கள் அப்படியே இருக்கும். அதுவும் பணக்கார வீட்டுக்குத்தான் போகிறது. எடுப்பதானால் இரண்டையும் சேர்த்து எடுக்கட்டும், நானும் உங்கள் பக்கம் வருகிறேன்.