மீன்வால் பென்ஸா, 108 பென்ஸா? உங்கள் கண்ணுக்கு எது அழகு?

கானாடுகாத்தான் வாசி:

வணக்கம். எங்கள் வீட்டில் 1962 மாடல் மெர்சிடிஸ் 220எஸ் நிற்கிறது. பினாங்கில் தொழில் செய்த எங்கள் ஐயா கப்பலில் கொண்டுவந்தது. கரும்பச்சை நிறம். பின்னால் இரண்டு துடுப்பு இருப்பதால் எங்கள் தெருவில் அதற்கு மீன்வால் கார் என்றே பெயர். பத்து வருடமாக ஓடாமல் கிடந்ததை இப்போதுதான் டிங்கரிங் வேலைக்கு எடுத்திருக்கிறோம்.

இந்த நேரம் பார்த்து, கோயம்புத்தூரில் தெரிந்தவர் ஒருவர், “என் 280எஸ்ஸை எடுத்துக்கொண்டு இதைக் கொடுங்கள்” என்கிறார். அதுவும் மெர்சிடிஸ்தான், துடுப்பில்லாத அடுத்த மாடல். கம்பெனி வைத்த எண்ணை வைத்து 108 பாடி என்பார்கள். ஓடுகிற நிலையில் இருக்கிறது. மச்சினனுக்கு ஒரே சந்தோஷம். “காருக்கு எதற்கு வால்? 108 தேய்த்து மடித்த வேட்டி மாதிரி நேராக இருக்கிறது” என்கிறார். அப்பச்சி (எங்கள் அப்பா) இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளுகிற வீடு. கார் பின்வாசல் வழியாக வரும், காலையில் கிளம்ப வசதியாக ரிவர்ஸில்தான் உள்ளே விடுவார்கள். அதனால் அடுப்படித் திண்ணையில் உட்கார்ந்து பணியாரம் தின்றபடி நான் பார்த்து வளர்ந்தது அதன் பின்பக்கத்தை. அகலமான சிவப்பு விளக்கு, அதற்கு மேலே துடுப்பு, துடுப்பின் விளிம்பு நெடுக விரல் அகலத்தில் ஒரு குரோம் பட்டை. சாயங்கால வெயில் அந்தப் பட்டையில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். இப்போது வலது பக்கத்துப் பட்டை தொலைந்துவிட்டது.

இது பழகிய பாசமா, நிஜமாகவே அழகான வண்டியா? பழைய கார்களைக் கூர்ந்து பார்க்கிறவர்கள் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை ரசிகன்:

நான் 108 கட்சி. காரணம் சொல்கிறேன்.

துடுப்பு மெர்சிடிஸின் சொந்த யோசனை இல்லை. 1948-இல் அமெரிக்காவின் கடிலாக் காரில் ஆரம்பித்தது அது. அந்தக் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து எடுத்துக்கொண்ட வடிவம். வருடத்துக்கு வருடம் வளர்ந்து 1959 கடிலாக்கில் உச்சிக்குப் போனது. அதே 1959-இல்தான் உங்கள் பாடி வெளிவந்தது. வடிவம் வரைகிறவர்கள் சீக்கிரமே மனம் மாறிவிட்டார்கள். 1961-இல் வந்த இரண்டு கதவுக் கூப்பேயில் துடுப்பை நன்றாகக் கரைத்துவிட்டார்கள், 1965-இல் வந்த 108-இல் அது இல்லவே இல்லை.

108 மெர்சிடிஸில் வடிவம் வரைந்த பால் பிராக் காலத்து வேலை. நடுவில் பள்ளமான பகோடா கூரை வைத்த 230எஸ்எல் வரைந்ததும் அவர்தான். 108-இல் ஜன்னலுக்கு அடியில் ஓடுகிற இடுப்புக் கோடு கீழே இறங்கி, கண்ணாடி பெரிதாகி, முன் விளக்கிலிருந்து பின் விளக்கு வரை ஒரே ஓட்டமாகப் போகிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், எந்த இடத்திலும் கண் தடுக்காது. மாற்றிக்கொள்ளுங்கள் அண்ணே.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, மாற்ற வேண்டாம். நான் கார் ஓட்டப் பழகியதே எங்கள் அம்மானுடைய மீன்வால் பென்ஸில்தான்.

கடிலாக் துடுப்பையும் இதையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அது ராக்கெட் மாதிரி நிற்கும், இது ஒரு சாண் கூட எழும்பாது. மெர்சிடிஸ்காரர்கள் இதற்கு வைத்த பெயரே ‘பைல்ஷ்டேகே’, குறி பார்க்கிற கோடு என்று அர்த்தம். ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டியின் முடிவு எங்கே என்று ஓட்டுகிறவருக்குக் காட்டத்தான் வைத்தோம் என்றார்கள். அது வெறும் சமாதானம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இரண்டு பக்கமும் கல் தூண் வைத்த பின்வாசலில், திரும்பிப் பார்த்து இரண்டு துடுப்பு நுனியையும் தூணுக்கு நடுவில் வைத்து நான் எத்தனையோ தடவை உள்ளே விட்டிருக்கிறேன். ஒரு கீறல் விழுந்ததில்லை. உங்கள் வீட்டிலும் ரிவர்ஸில்தான் விடுவோம் என்கிறீர்கள், அப்பச்சியைக் கேட்டுப் பாருங்கள்.

உள்ளே இருக்கிற ஸ்பீடோமீட்டரை யாரும் சொல்லவில்லையே! காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும். முதலில் மஞ்சளாக ஏறும், வேகம் கூடினால் சிவப்பாகும். 108-இல் அது போய் வட்ட மீட்டர் வந்துவிட்டது. பார்க்க லட்சணம்தான், ஆனால் வட்ட மீட்டர் எல்லாக் காரிலும் இருக்கிறதே.

காரைக்குடி டிங்கர்:

நான் அழகு பற்றிப் படித்தவன் இல்லை, தகட்டைத் தட்டுகிறவன். 108-இன் பக்கவாட்டு நீளத் தகடு நம்ம ஊர் முட்டைப் பூச்சுச் சுவர் மாதிரி. சரியாக அமைந்தால் முகம் பார்க்கலாம், ஒரு இடத்தில் மேடு பள்ளம் இருந்தாலும் சாய்வெயிலில் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் கோயம்புத்தூர் வண்டியைப் பார்க்கப் போனால் காலை எட்டு மணிக்குப் போங்கள், உச்சி வெயிலில் போகாதீர்கள். எவ்வளவு பட்டி போட்டிருக்கிறார்கள் என்று தெரியும்.

மீன்வாலில் குரோம் பட்டைக்கு அடியில் தண்ணீர் நிற்கும், துரு அங்கேதான் பிடிக்கும். இருக்கிற பட்டையையும் கழற்றிப் பாருங்கள். தொலைந்ததைப் பித்தளையில் அடித்து முலாம் பூசிக்கொள்ளலாம்.

இன்னொன்று. முன்னாலும் பின்னாலும் கனத் தகடு வைத்து வெல்டிங் போடச் சொல்லாதீர்கள். மோதினால் இரண்டு முனையும் மடங்கி, ஆள் உட்காருகிற இடம் கெட்டியாக நிற்கிற மாதிரி கட்டிய வண்டி அது. பேலா பாரெனி என்ற இன்ஜினியரின் யோசனை. அந்த முறையில் கட்டி விற்பனைக்கு வந்த முதல் கார் இதுதான். பலமாக இருக்கட்டும் என்று கனத்தைக் கூட்டினால் அந்தக் குணம் போய்விடும்.

கானாடுகாத்தான் வாசி:

எல்லோருக்கும் நன்றி. புதுக்கோட்டைத் தம்பி சொன்ன இடுப்புக் கோட்டை நான் மறுக்கவில்லை. பக்கவாட்டில் 108-தான் முந்துகிறது. ஆனால் நான் பக்கவாட்டில் நின்று பார்த்து வளரவில்லை.

அப்பச்சியிடம் ஆச்சி சொன்னதைப் படித்துக் காட்டினேன். எழுந்து போகவில்லை. பின்வாசலுக்குக் கூட்டிப் போய், ஐயா துடுப்பை எந்தத் தூணுக்கு நேராக வைத்துத் திருப்புவார் என்று கையை நீட்டிக் காட்டினார். அரை மணி நேரம் பேசினார்.

நேற்று இடது பட்டையைக் கழற்றினோம். துரு இருக்கிறது, ஆனால் ஓட்டை இல்லை. அடியில் கம்பெனி அடித்த பெயின்ட் அப்படியே இருக்கிறது. நான் கரும்பச்சை என்று நினைத்திருந்தது வேறு பச்சை, நனைந்த வேப்பிலை மாதிரி கொஞ்சம் நீலம் கலந்தது. அந்த நிறத்தையே அடிக்கச் சொல்லிவிட்டேன். கோயம்புத்தூருக்கும் போன் பண்ணி இல்லையென்று சொல்லியாகிவிட்டது.

இப்போது ஒரு உதவி. இடது பட்டையின் பின்நுனி நெளிந்திருக்கிறது, அதை வைத்து அச்சு எடுக்க முடியாது. 220எஸ் வைத்திருக்கிறவர்கள் யாராவது துடுப்பு நுனியைப் பக்கவாட்டிலிருந்து, ஒரு ஸ்கேலை ஒட்டி வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். பித்தளை வாங்கி வைத்துவிட்டேன்.