பெங்களூர் வேலையை வேண்டாம் என்பது விசுவாசமா, பயமா?

பாளையங்கோட்டைக்காரன்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நெல்லைப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வளர்ந்தவன் நான். வயது 44. சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் பல வருடம் இருந்தேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் குடும்பத்தோடு ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது ஒரு அரிசி மண்டிக்கும் சில கடைகளுக்கும் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிறேன். முன்பு வாங்கிய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. மனைவி பள்ளிக்கூட டீச்சர் என்பதால் வீடு ஓடுகிறது.

போன வாரம் பழைய மேலாளர் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். நல்ல சம்பளம், ஆனால் அங்கேயே வந்து இருக்க வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. புது இடம் என்றால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் பதறுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் மனதில் இருக்கிறது. "நீங்க எடுக்கிற முடிவுதான்" என்று மனைவி விட்டுவிட்டாள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கர்த்தர் செய்த நன்மைகளை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தால் எல்லாம் ஆட்டம் கண்டுவிடுகிறது. ஒருவர் மகனுக்கு மெடிக்கல் சீட், ஒருவருக்குக் கனடா விசா, ஒருவர் மாடி கட்டி பிரதிஷ்டை வைத்திருக்கிறார். அவர்கள் நன்றி சொல்வது உண்மையான நன்றி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, நான் எழுந்து சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வரும் கூடப் படித்தவர்கள் "இப்போ எங்கே இருக்கே?" என்று கேட்டால் பதில் தொண்டையிலேயே நிற்கிறது. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருடத்துக்கான வசனமாக எனக்குக் கிடைத்த வாக்குத்தத்த அட்டை, "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்". மகள் அதைப் பீரோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறாள். தினமும் தலை சீவும்போது அதைப் படிக்கிறேன்.

என் கேள்வி இதுதான். இது போதும் என்று இங்கேயே இருப்பது விசுவாசமா? இல்லை, இந்த வயதில் மறுபடி ஓடப் பயந்துபோய், அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொள்கிறேனா? இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஓய்வுபெற்ற நர்ஸ்:

தம்பி, முதலில் அந்த அட்டை. அந்த வசனம் வருகிற உபாகமம் 28-ஆம் அதிகாரத்தை முழுசாக ஒரு தடவை வாசியுங்கள். மோசே அதை ஒரு ஜனம் முழுவதையும் நிறுத்திவைத்துச் சொன்னார், கட்டளைகளைக் கைக்கொண்டால் என்ற நிபந்தனையோடு. ஒரு மனுஷனுடைய சம்பளத்துக்கும் பதவிக்கும் அதை அளவுகோலாக வைத்தால் வசனம் தாங்காது.

பயமா விசுவாசமா என்று கேட்டீர்களே, அதற்கு நான் மத்தேயு 25-க்குத்தான் போவேன். தாலந்து உவமை நமக்கெல்லாம் மனப்பாடம்: எஜமான் மூன்று ஊழியக்காரரிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று தாலந்துகளைக் கொடுத்துவிட்டுப் பயணம் போய், திரும்பி வந்து கணக்குக் கேட்கிறார். ஆனால் 21-ஆம் வசனத்தையும் 23-ஆம் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐந்து தாலந்தைப் பத்தாக்கினவனுக்கும் இரண்டை நாலாக்கினவனுக்கும் எஜமான் சொன்னது ஒரே பாராட்டு. "நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே." பத்து கொண்டுவந்தவனுக்கு ஒரு வார்த்தை கூடுதலாகக் கிடைக்கவில்லை. சபையில் நாம் தொகையை எண்ணுகிறோம், அவர் கேட்டதோ உண்மையாக இருந்தாயா என்று. எனக்கு இந்த இரண்டு வசனமும் போதும்.

மூன்றாவது ஆள் தாலந்தைப் புதைத்ததற்குச் சொன்ன காரணம், "நான் பயந்து" என்று. அதனால் உங்கள் கேள்வி சரியான கேள்வி. ஒரு தாலந்து என்பது 6000 வெள்ளிக்காசு, ஒரு காசு ஒரு நாள் கூலி. கிட்டத்தட்ட 20 வருட உழைப்பை அவன் மண்ணில் புதைத்து வைத்தான். அவன் கையில் இருந்ததை வைத்து ஒன்றுமே செய்யவில்லை, யாருக்கும் அதனால் பிரயோஜனம் இல்லை. நீங்கள் காலையில் அப்பாவைக் குளிப்பாட்டி, உட்கார வைத்து, பிறகு பத்துக் கடைக்காரர் கணக்கைக் குழப்பமில்லாமல் முடித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் அது புதைத்து வைத்தது ஆகாது.

நான் வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்) படித்தவள். ஐடா ஸ்கடர் அம்மா 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய வைத்தியம் எப்படி வளர்ந்தது என்று கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். பெருமைதான். ஆனால் அவர்களை நினைக்கும்போதும் நாம் கட்டடத்தின் அளவைத்தான் பார்க்கிறோம் என்று எனக்குப் பின்னாளில் தோன்றியது. உங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1931-இல் விழுந்து அடிபட்டார். 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலும் படுக்கையிலும்தான் வாழ்க்கை. ஓடி ஓடிப் பிள்ளைகளைக் காப்பாற்றின அந்த 30 வருடம் வெற்றி, படுத்திருந்த 20 வருடம் தோல்வி என்று யாராவது சொல்வோமா? படுத்தபடியே எழுதினார், ஜெபித்தார், வந்த பிள்ளைகளைப் பார்த்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

துறைமுகத் தொழிலாளி:

அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் அண்ணன், ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "போதுமென்கிற மனது" என்ற பிரசங்கம் எப்போதும் குறைவாக இருக்கிறவனைப் பார்த்துத்தான் வருகிறது. நான் காண்ட்ராக்ட் ஆள். கூலி பாக்கி நிற்கும்போது மனரம்மியமாக இரு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். யாக்கோபு 5:4-ஐ எடுத்துப் பாருங்கள், பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று எழுதியிருக்கிறது. கர்த்தர் அந்தச் சத்தத்தைக் கேட்கிறார், அதனால் நாங்களும் கேட்போம். 1 தீமோத்தேயு 6-இலும் பவுல் "போதுமென்கிற மனது" என்று சொல்வதற்கு ஒரு வசனம் முன்னால் யாரைப் பற்றிப் பேசுகிறார்? தேவபக்தியை ஆதாயத் தொழிலாக நினைக்கிறவர்களைப் பற்றி.

நீங்கள் கடன் வட்டி கட்டத் திணறிக்கொண்டு இருக்கிறீர்களா, வீட்டு நகை அடகில் இருக்கிறதா? அப்படியானால் பெங்களூர் போவதில் ஒரு பாவமும் இல்லை. நீதிமொழிகள் 30-இல் ஆகூர் கேட்கிறானே, தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், என் படியை அளந்து கொடும் என்று. அவன் வறுமையைக் கேட்கவில்லை. முதலில் உங்கள் படி எவ்வளவு என்று மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். ஜெபம் அதற்கு அப்புறம்.

பாளையங்கோட்டைக்காரன்:

இரண்டு பேருக்கும் நன்றி. தம்பி சொன்னபடி நேற்று ராத்திரி ஒரு நோட்டில் எழுதினோம். நகைக்கடன் ஒன்று இருக்கிறது, அசலோடு அடுத்த வருடம் முடிந்துவிடும். மகள் இப்போது எட்டாவது. அவள் காலேஜ் போகும்போதுதான் பணம் இறுக்கும். அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. மருந்துச் செலவு போக மாதக் கடைசியில் கையில் கொஞ்சம் நிற்கிறது. இதுவரை எழுதிப் பார்க்காமலே பயந்திருக்கிறோம் என்று மனைவி சொன்னாள்.

எழுதி முடித்ததும் இன்னொன்றும் தெளிவானது. பணம் குறைவது எனக்குப் பெரிய பயம் இல்லை. அசனத்துக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் பெரிய பயம்.

மதுரை டீச்சர்:

அண்ணா, அந்தப் பயத்துக்கு என்னிடம் ஒரே மருந்து. பிலிப்பியர் 4:13 எங்கள் வீட்டில் பரீட்சை வந்தால் ஜியாமெட்ரி பாக்ஸ் மேலே ஒட்டும் வசனம். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்று பிள்ளைகள் சொல்லிக்கொண்டே போவார்கள். ஆனால் அதற்கு முந்தின வசனம் பட்டினியையும் குறைவையும் பற்றியது. கட்டப்பட்டிருந்த ஒரு கைதி எழுதியது. அந்தப் பெலன் குறைவிலும் நிலைத்து நிற்க. அதே அதிகாரத்தில், பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவியை வாங்கிக்கொண்டதாகவும் பவுல் வெட்கமில்லாமல் எழுதுகிறார். திருப்தியாக இருக்கிறவன் உதவி வாங்கக் கூடாது என்று இல்லை.

அடுத்த சாட்சி நேரத்தில் நீங்கள் எழுந்து நில்லுங்கள். "அப்பாவைப் பார்த்துக்கொள்ள கர்த்தர் என்னை ஊருக்குக் கொண்டுவந்தார், பெங்களூர் வேலையை வேண்டாம் என்று சொல்லப் போகிறேன்" என்று சொல்லுங்கள். உங்கள் சபையில் இதைக் கேட்கக் காத்திருக்கிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸ்:

நோட்டில் எழுதினது நல்ல காரியம். தம்பி, அப்பாவுக்கு எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது? கட்டிலிலிருந்து எழுப்பும்போது அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். இடுப்பில் ஒரு பெல்ட் அல்லது மடித்த துண்டைக் கட்டி, அதைப் பிடித்துத் தூக்குங்கள். பிசியோதெரபிஸ்டைக் கேட்டால் செய்து காட்டுவார்.