கியோட்டோல கூட்டம் இல்லாத சின்ன சாமுராய் கோயில் எது?

ஊர்சுத்தி:
நவம்பர்ல அம்மாவோட கியோட்டோ போறேன். அவங்களுக்கு முட்டிவலி, கூட்டமும் படியும் ஆகாது. சாமுராய் கதை இருக்கற சின்ன புத்தர் கோயிலா, சான்ஜூசான்கென்டோ பெரிய கோயில் பக்கத்துலயே ஏதாச்சும் இருக்கா?

தயிர்சாதம்:
யோகெனின்னு ஒரு கோயில் இருக்கு, அங்க போங்க, ரோட்டுக்கு எதிர்பக்கம்தான். 1594ல, அப்போ ஜப்பானையே கையில வெச்சிருந்த ஹிதேயோஷியோட மனைவி யோதோ, செத்துப்போன அப்பா அசாய் நகமசாவுக்காகக் கட்டினது, 1619ல எரிஞ்சுபோச்சு, 1621ல தங்கச்சி ஓகோ திரும்பக் கட்டினாங்க. அந்தத் தங்கச்சி யாருன்னா ஹிதேயோஷிக்கு அப்புறம் நாட்டை ஆண்ட தோகுகாவா குடும்பத்து ரெண்டாவது ஷோகனோட (படைத்தலைவரா இருந்து ஆள்றவர்) சம்சாரம், அதாவது 1615ல ஒசாகா கோட்டையில யோதோவையும் அவங்க பையனையும் ஒழிச்ச அதே குடும்பத்து மருமக! நம்ம சீரியல்காரங்கல்லாம் பிச்சை வாங்கணும்.

அப்புறம் மேல பாருங்க. 1600ல தோரி மொதோதாதான்னு ஒருத்தர், சின்ன வயசுலேர்ந்து முதல் தோகுகாவா ஷோகன் இயேயாசு கூடவே இருந்தவரு, தோக்கப்போறோம்னு தெரிஞ்சே கொஞ்சூண்டு ஆளை வெச்சுக்கிட்டு கியோட்டோல இருக்கற ஃபுஷிமி கோட்டையைப் பத்து நாளுக்கு மேல பிடிச்சு வெச்சிருந்தாரு. அந்த அவகாசம் இயேயாசுவுக்கு உதவுச்சு, அடுத்து செகிகஹாரா போர்ல ஜெயிச்சாரு. மொதோதாதாவும் அவரோட ஆளுங்களும் கோட்டையில செத்து விழுந்த தரைப்பலகைதான் இங்க சீலிங். யாரும் மிதிக்கக்கூடாதுன்னு மேல ஏத்திட்டாங்க.

பல்லவன்பஸ்:
ரத்தக்கறைன்னு ரொம்ப எதிர்பார்த்துப் போகாதீங்க, பழுப்பா திட்டுத்திட்டாதான் தெரியும், கோயில்காரங்க நீளக்குச்சியால இது கை, இது முகம்னு காட்டினா ஆமான்னு தலையாட்டுவோம். என்னைக் கேட்டா அங்க நிஜமான விஷயம் சோதாட்சுங்கற ஓவியர் தேவதாரு கதவுல வரைஞ்ச வெள்ளை யானைங்கதான். கதவு முழுக்க உடம்பை அடைச்சுக்கிட்டு நாலஞ்சு தடிச்ச கோட்டுல நிக்குது, 400 வருஷத்துக்கு முன்னாடி வரைஞ்சதுன்னு சொன்னா நம்பமாட்டீங்க, ஏதோ இப்போ வந்த கார்ட்டூன் மாதிரி இருக்கும்.

ஊர்சுத்தி:
யானைன்னா அம்மா உடனே கிளம்பிடுவாங்க 😄 போட்டோ எடுக்கலாமா?

பல்லவன்பஸ்:
உள்ள எடுக்க விடமாட்டாங்க. ஷூ கழட்டணும், நவம்பர்ல மரத்தரை சில்லுனு இருக்கும், அம்மாவுக்குத் தடிமனா சாக்ஸ் போட்டுவிடுங்க. நடந்தா தரை கீச்கீச்னு கத்தும், பயந்துடப்போறாங்க.

தயிர்சாதம்:
கென்கோஅன்னு இன்னொரு கோயில்லயும் இதே கோட்டைப் பலகை இருக்கு, வட்ட ஜன்னல் சதுர ஜன்னல் ரெண்டும் அழகு, ஆனா ஊருக்கு வடக்கால ரொம்ப தள்ளி, அம்மாவோட வேண்டாம். கியோட்டோ ஸ்டேஷன்லேர்ந்து 206 பஸ் பிடிச்சா சான்ஜூசான்கென்டோ வாசல்லயே இறங்கலாம்.