புதுப்பிப்பு: அப்பாவின் என்ஹெச்எஸ் பராமரிப்பு நிதி, மறுபரிசீலனை முடிந்தது

இங்கிலாந்தில் நர்சிங் ஹோமில் இருக்கும் அப்பாவுக்கு, என்ஹெச்எஸ் (அங்குள்ள அரசு மருத்துவச் சேவை) பராமரிப்புச் செலவை ஏற்கும் தொடர் சுகாதாரப் பராமரிப்பு நிதி கிடையாது என்று கடிதம் வந்ததை முன்பு எழுதியிருந்தேன். மறுபரிசீலனையில் முடிவு மாறிவிட்டது. நிதி உண்டு!

திருப்பம் வந்தது மதிப்பீட்டின் தோல் பகுதியில்தான். மொத்தம் 12 பகுதிகளில் தேவையை மதிப்பிடுகிறார்கள். அப்பாவுக்குப் படுக்கைப்புண் இல்லை, அதனால் முதல்முறை 'குறைவு' என்று போட்டிருந்தார்கள். புண் ஏன் இல்லை? இரவு பகலாக இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறார்களே, அதனால்தான். அந்தப் பதிவுத் தாள்களை மேசையில் வைத்தோம். நன்றாகக் கவனிக்கப்படும் தேவையும் தேவைதான் என்று தேசிய வழிகாட்டு நெறியே சொல்கிறது. விழுங்கும்போது புரையேறுவதையும் அப்படியே தேதியோடு காட்டினோம். தேவைகளின் தன்மை, தீவிரம், சிக்கல், கணிக்க முடியாமை, இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

பலர் கேட்டது: வீடு, சேமிப்பு? இந்த நிதிக்கு அதைப் பார்ப்பதே இல்லை. கவுன்சில் (உள்ளாட்சி) தரும் பராமரிப்பு உதவிக்குத்தான் 23,250 பவுண்டு சொத்து வரம்பு. இதைக்கூடச் சொல்லாமல் குடும்பங்களை வீடு விற்க விடுவது எனக்குப் பொறுக்கவில்லை.

மறுப்பு வந்தால் 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கு முன் பராமரிப்புப் பதிவுகளின் நகலை வாங்கிவிடுங்கள், முக்கியமாக இரவு நேரக் குறிப்புகள். அப்புறம், நிதி கிடைத்தாலும் முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் பரிசீலிப்பார்கள். அதனால் தாள்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறோம்.