ஆஷ்காஷ் ஏர்வெஞ்சருக்கு முதன்முறையாக விமானம் ஓட்டிச் செல்வதற்கு எப்படித் தயாராவது?

முகில்வழி (கேள்வி):
ஜூலை இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடக்கும் ஏர்வெஞ்சர் விழாவுக்கு, எங்கள் பறக்கும் சங்கத்தின் செஸ்னா 172 விமானத்தில் சென்று, அதன் இறக்கைக்கு அடியிலேயே கூடாரமடித்துத் தங்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். உடன் வருபவர் என் மைத்துனர். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. தனியார் விமானி உரிமம் பெற்ற பிறகு நான் பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத சிறு விமான நிலையங்களுக்கே சென்று வந்திருக்கிறேன். அந்த வாரத்தில் ஆஷ்காஷ் கோபுரமோ உலகிலேயே அதிக விமானங்களைக் கையாள்கிறது. கூடாரம், அடுப்பு, போர்வை போன்றவற்றுக்கான பட்டியல்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. விமானி என்ற முறையில் முன்கூட்டியே எதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்பதைச் சென்று வந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ரிப்பன் வரிசை (பதில்):
முதலில் அந்த ஆண்டுக்கென எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம்) வெளியிடும் அறிவிப்பை, பழைய விமானிகள் இன்றும் நோட்டாம் என்றே சொல்லும் அந்தக் கையேட்டை, அச்சிட்டு வரிவரியாகப் படியுங்கள். சென்ற ஆண்டின் பிரதி கையில் இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அலைவரிசைகளும் நுழைவிடங்களும் மாறக்கூடியவை.

கண்பார்வை விதிப்படி, அதாவது கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்துப் பறந்து, வரும் விமானங்கள் ரிப்பன் என்னும் ஊருக்கு மேலே ஒற்றை வரிசையில் சேர்ந்து, ரயில் தண்டவாளத்தைப் பின்பற்றி ஃபிஸ்க் என்னும் சிற்றூர் வரை செல்ல வேண்டும். உங்கள் விமானத்துக்குரிய உயரம் கடல்மட்டத்திலிருந்து 1,800 அடி, வேகம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்), முன்னால் செல்பவருக்கும் உங்களுக்கும் இடையே அரை மைல். அவ்வளவு மெதுவாகப் பறக்க இயலாத விமானங்கள் 2,300 அடியில் 135 நாட் வேகத்தில் வரும். ஃபிஸ்க்கில் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர்கள் உங்கள் பதிவெண்ணைக் கேட்க மாட்டார்கள். விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லி இறக்கைகளை ஆட்டச் சொல்வார்கள். நீங்கள் வாய் திறக்காமல் ஆட்டிக் காட்டினால் போதும், அதுவே பதில். பேசாமல் இருப்பது எளிது என்று தோன்றும், ஆனால் ஒவ்வோர் அறிவுறுத்தலையும் திருப்பிச் சொல்லியே பழகியவர்களுக்கு அதுவும் ஒரு பயிற்சிதான்.

ஆகவே பயிற்றுநர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு இரண்டு காரியங்களைப் பழகுங்கள். ஒன்று, உயரம் ஐம்பது அடிகூட மாறாமல், கண் வெளியே இருக்க, 90 நாட்டில் நீண்ட நேரம் பறப்பது. இதற்கான எஞ்சின் சுழற்சி எண்ணையும் ஃப்ளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடல்) நிலையையும் குறித்து வைத்துக்கொண்டால் அன்று வேகமானியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க நேராது. மற்றொன்று, குறித்த புள்ளியில் இறங்குவது. ஆஷ்காஷின் ஓடுதளங்களில் பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருப்பார்கள், எஃப்.ஏ.ஏ. தரும் சிறப்பு விலக்கின்படி ஒரே ஓடுதளத்தில் ஒருவர் பின் ஒருவராக, வழக்கத்தைவிடக் குறைந்த இடைவெளியில், வெவ்வேறு புள்ளிகளில் இறங்கச் சொல்வார்கள். தொலைவிலுள்ள புள்ளி உங்களுக்கு வாய்த்தால், ஓடுதளத்தின் மீது தாழ்வாகப் பறந்து சென்று அங்கே இறங்க வேண்டும். முன்னவர் தயங்கிவிட்டால் அவசரமாக மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும் ஆசை வரும். அங்கேதான் ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழப்பது, காத்திருக்கிறது. அத்தகைய வேளையில் மீண்டும் மேலேறிவிடுவதையும் சேர்த்தே பழகுங்கள்.

மைத்துனருக்கு ஒரே வேலை கொடுங்கள்: மற்ற விமானங்களைக் கண்டு சொல்வது. காணொளி எடுக்கும் கருவிகளை முதல் பயணத்தில் வீட்டிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

ஏரிச்சுற்று (பதில்):
மேலே சொன்னதோடு, திரும்பிப் போவதற்கான முடிவையும் புறப்படும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் இடைவெளி குறைந்தால் வளைந்து நெளிந்தோ அங்கேயே வட்டமடித்தோ சரிசெய்யக் கூடாது. வரிசையை விட்டு விலகி, மறுபடி தொடக்கத்தில் போய்ச் சேர வேண்டும். நெரிசல் மிகுந்தால் ரஷ் ஏரியையோ கிரீன் ஏரியையோ சுற்றிக் காத்திருக்கச் சொல்வார்கள். அவ்வாறு சுற்றிய பிறகும் பக்கத்து நிலையங்களான ஃபான் டு லாக் அல்லது ஆப்பிள்டன் சென்று சேர்வதற்குப் போதிய எரிபொருள் மிச்சமிருக்குமாறு, அருகிலுள்ள ஏதேனும் ஒரு நிலையத்தில் நிரப்பிக்கொண்டு வருவதே அறிவுடைமை.

திங்கட்கிழமை விழா தொடங்குகிறது என்பதால் அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில்தான் கூட்டம் அதிகம். 2018இல் அந்த வார இறுதியில் மேகம் தாழ்ந்திருந்து, தெளிந்தவுடன் எல்லோரும் ஒருசேர வந்ததால் வான்வழி திணறியது. 2010இல் மழையால் புல்தரை நீரில் ஊறி, வந்தவர்களை வேறு நிலையங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பிற்பகல் சாகசக் காட்சி நடக்கும் நேரத்திலும் இரவிலும் ஆஷ்காஷ் நிலையம் மூடப்படும். திரும்புவதும் வானிலையால் தாமதமாகலாம், ஆகவே விழா முடிந்த மறு திங்கட்கிழமை அலுவலகத்துக்கு வருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

முகில்வழி:
இருவருக்கும் மிக்க நன்றி. பயிற்றுநரிடம் இன்றே பேசுகிறேன். விமானத்தைக் கட்டுவதற்குக் கயிறும் முளையும் அங்கே கொடுப்பார்களா, நாமே எடுத்துச் செல்ல வேண்டுமா? சுமையை எண்ணிக் கேட்கிறேன்.

புல்தரை (பதில்):
நாமேதான் கொண்டு செல்ல வேண்டும், அதில் எடையைப் பார்க்காதீர்கள். கூடாரத்துக்கு அடிக்கும் மெல்லிய முளைகள் இடிமழைக் காற்றில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மண்ணுக்குள் திருகி இறக்கும் வகையோ, சாய்வாக மூன்று முளைகள் அடித்துப் பிணைக்கும் வகையோ வாங்குங்கள். 2011 மார்ச் 31 அன்று ஃபுளோரிடாவின் லேக்லாண்டில் நடந்த சன் அண்ட் ஃபன் விழாவில் சூறாவளி புகுந்து பல விமானங்களைப் புரட்டிப்போட்டது.

எடையைக் குறைக்க வேண்டுமானால் நாற்காலியையும் சமையல் பாத்திரத்தையும் குறையுங்கள். 172இன் பல மாடல்களில் பின்பக்கச் சரக்கறைக்கு 120 பவுண்டுதான் வரம்பு. பொருள்களைத் தராசில் நிறுத்து, எடைச் சமநிலைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். புல்தரையில் நிறுத்துவதைச் சங்கமும் அதன் காப்பீடும் அனுமதிக்கின்றனவா என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரையிறங்கியவுடன் முன்கண்ணாடியில் காட்ட GAC (ஜெனரல் ஏவியேஷன் கேம்பிங்) என்ற எழுத்துகளைப் பெரிதாகத் தடித்த மையில் எழுதி வைத்திருந்தால், கூடாரமடிக்க வந்தவர் என்பதை அறிந்து வழிகாட்டிகள் உங்களைச் சரியான வரிசைக்கு அனுப்புவார்கள். அறிவிப்பில் புறப்பாட்டுக்கெனத் தனிப் பகுதி இருக்கிறது. அதையும் சேர்த்து அச்சிட்டு விமானத்திலேயே வையுங்கள்.