அந்தியூர் ஆடிச் சந்தையில் பர்கூர் மாட்டுப் பக்கம்

அந்தியூர் சந்தை என்றாலே குதிரைதான் பேச்சு. நான் போனபோதும் நாட்டியக் குதிரையைச் சுற்றித்தான் செல்போன்கள் உயர்ந்து நின்றன. எனக்கு மனசு நின்றது வேறு பக்கம்.

ஈரோடு மாவட்டம் அந்தியூரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாவோடு நடக்கும் சந்தை இது. சாமிகளைத் தோளில் சுமந்து வனக்கோயிலுக்குக் கொண்டுபோகும்போது மைதானமே திரும்பி நின்று கும்பிடும். திப்பு சுல்தான் படைக்குக் குதிரை இங்கேதான் வாங்கினார் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்கிறார்கள். 1799 வரை இந்தச் சீமை மைசூரின் கையில் இருந்தது. இங்கிருந்து பர்கூர் மலை ஏறினால் கொள்ளேகால், அப்புறம் மைசூர். அதனால் அந்தப் பேச்சை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை.

குதிரைகளில் மார்வாரியும் கத்தியவாரியும் முக்கியம். காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும், அதுதான் அடையாளம். வாங்க வருகிறவர்கள் சுழி பார்க்கிறார்கள், பல் பார்க்கிறார்கள், கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறார்கள். மாட்டுப் பக்கம் பெரியவர்கள் சிலர் இன்னும் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுகிறார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. காங்கேயம் காளைகளும் இருந்தன. பிறக்கும்போது செவலையாக இருந்து, சில மாதத்தில் நிறம் மாறும் இனம்.

ஆனால் பர்கூர் மாட்டை இவ்வளவு சேர்த்துப் பார்க்க இந்தச் சந்தையை விட்டால் வேறு இடம் எனக்குத் தெரியாது. செந்நிற உடம்பில் வெள்ளையை வாரித் தெளித்தது போன்ற மாடு. பால் குறைவு. வேகமும் உழைப்பும் எருவும்தான் அதன் செல்வம். மலையில் காட்டுக்குள் பட்டி, அதாவது மாட்டை அடைக்கிற வேலி போட்டு, மேய்ச்சலிலேயே வளர்க்கிறார்கள். அங்கே கன்னடம் பேசுகிற லிங்காயத்துக் குடும்பங்களும் சோளகர் பழங்குடி மக்களும் தலைமுறையாக இதை வைத்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவரிடம், “பட்டியில எத்தனை உருப்படி நிக்குதுங்கண்ணா?” என்று கேட்டேன்.

“அப்பா காலத்துல நூறுக்கு மேலே தம்பி. இப்போ பாதிகூட இல்லை. இது கட்டிப்போட்டுத் தீனி வைக்கிற மாடு இல்லீங்க. காட்டுல விட்டாத்தான் மாடு.”

அவர் கவலை மேய்ச்சலைப் பற்றித்தான். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் முதலில் தமிழகக் காடுகள் முழுக்க மேய்ச்சலுக்குத் தடை போட்டது. பிறகு அதைச் சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று சுருக்கியது. அப்புறம் பர்கூர் மலைக்காடுகளே தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்துவிட்டன. புலிக்கும் யானைக்கும் காடு வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பட்டி போட்டு வாழ்கிறவர்களைக் கேட்காமல் காட்டுக்கு எல்லை போடுவது நியாயமாகப் படவில்லை. பர்கூரில் இந்த இனத்துக்கென்று கால்நடைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நல்லது. ஆராய்ச்சி நிலையத்துக் கொட்டகை மட்டும் இந்த மாட்டைக் காப்பாற்றிவிடும் என்று நான் நம்பவில்லை.

அடுத்த ஆடிக்குப் போகிறவர்கள் குதிரையைப் பார்த்த கையோடு அந்தப் பக்கமும் ஒரு நடை போய்வாருங்கள். படம் எடுக்கிறேன் என்று கிட்டே மட்டும் போகாதீர்கள். கோபக்கார மாடு, சொந்தக்காரர் குரலுக்குத்தான் அடங்கும். முதலில் அவரிடம் பேச்சுக் கொடுங்கள், அவரே பிடித்து நிறுத்திக் காட்டுவார்.